ஐந்து பழைய கேம்கள், ஒரு விடுமுறை: எதை எடுப்பது?

"பழசில் நல்லதாக ஒன்றே ஒன்று சொல்லுங்கள், இந்த லீவில் ஆடி முடிக்கிறேன்" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பட்டியல்தான் பதிலாகக் கிடைக்கிறது. ஐம்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் புகழ்ந்து ஒரு வரி. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தள்ளுபடி நாளில் நாலைந்தை வாங்கிப் போட்டுவிட்டு, எதிலும் முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டாதவர்கள் நிறைய.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2000-களில் பிரவுசிங் சென்டர்களிலும் நண்பர்கள் வீட்டுக் கணினிகளிலும் கைமாறியவை வைஸ் சிட்டி, கவுன்டர் ஸ்ட்ரைக், ரோடு ராஷ், ஐஜிஐ போன்றவை. அதே காலத்தில் வந்து, விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய வேறு சில கேம்கள் நம் பக்கம் அதிகம் வரவில்லை. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கிரிம் ஃபான்டாங்கோ (1998), தீஃப் கோல்ட் (1999), பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999), பியாண்ட் குட் அண்ட் ஈவில் (2003), ஓகாமி (2006). ஐந்துமே நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களுக்கு இப்போது எது பொருந்தும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

கிராஃபிக்ஸை வேண்டுமென்றேதான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய தோற்றம் கண்ணுக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடும். கை பழகாதது, கதை மெல்ல நகர்வது, சேவ் செய்ய மறந்து இரண்டு மணி நேர ஆட்டம் போவது ஆகியவைதான் ஆளை விரட்டுகின்றன. அதனால் நான் பார்ப்பவை இவை.

முதலில், காசு கொடுத்து முறையாக வாங்கி இன்றைய கருவியில் ஓட்ட முடிய வேண்டும். அருமையான சில கேம்கள் இங்கேயே அடிபட்டுப் போகும். பெண் உளவாளி ஒருத்தியை நாயகியாக வைத்து 2000-இல் வந்த 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' உரிமைச் சிக்கலில் மாட்டி, டிஜிட்டல் கடைகளுக்கு வரவே இல்லை. அதனால் இந்த ஒப்பீட்டிலும் இல்லை.

அடுத்தது கட்டுப்பாடுகள் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வரும் என்பது. பிறகு ஆங்கில வாசிப்பின் சுமை. இந்த ஐந்தில் எதுவும் தமிழில் இல்லை, எனவே இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. அப்புறம் நேரம்: மொத்தம் எத்தனை மணி, அதைத் துண்டு துண்டாக ஆட முடியுமா. கடைசியாக, பின்னால் வந்த எந்த கேமிலும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பு தருகிறேன். அது இல்லையென்றால் பழையதை எதற்கு ஆட வேண்டும்? புதிதாகவே ஒன்றை ஆடிவிடலாமே.

| கேம் | இன்று எதில் ஆடலாம் | நேரம் (தோராயமாக) | ஆங்கில வாசிப்பு | முதல் தடை |
|---|---|---|---|---|
| தீஃப் கோல்ட் | விண்டோஸ் கணினி | 20–25 மணி | குறைவு | கட்டுப்பாடு, பேட்ச் (திருத்தக் கோப்பு) |
| கிரிம் ஃபான்டாங்கோ | கணினி, போன், டேப்லெட், கன்சோல்கள் | 10–13 மணி | நடுத்தரம் | புதிர்கள் |
| டார்மென்ட் | கணினி, போன், டேப்லெட், கன்சோல்கள் | 35–45 மணி | மிக மிக அதிகம் | ஆங்கிலமே |
| பியாண்ட் குட் அண்ட் ஈவில் | கணினி, கன்சோல்கள் | 11–13 மணி | குறைவு | கேமரா |
| ஓகாமி | கணினி, கன்சோல்கள் | 35–45 மணி | நடுத்தரம் | நீளமான தொடக்கம் |

## தீஃப் கோல்ட்: காதால் ஆடும் கேம்

ஐஜிஐயில் கேமராவை அணைத்துவிட்டுக் காவலர்கள் கண்ணில் படாமல் போவதுதான் பிடித்த பகுதி என்றால், நீங்கள் தேடுவது இதுதான். லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் 1998-இல் 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்' என்று வெளியிட்டது, அடுத்த ஆண்டு மூன்று மிஷன்களைச் சேர்த்து 'கோல்ட்' ஆக்கியது. நாயகன் காரெட் ஒரு திருடன். வாள் சண்டை அவனுக்குச் சரியாக வராது. இரண்டு காவலர்கள் ஒன்றாக வந்தால் ஓடுவதே மேல்.

இந்த கேமின் உயிர் ஒலியில் இருக்கிறது. சுவர்களை ஊடுருவி நேர்கோட்டில் வருவதுபோல் ஒலியை வைத்துவிடாமல், அறையிலிருந்து அறைக்குக் கதவு வழியாக, தாழ்வாரம் வழியாகச் சுற்றிவருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் ஒரு காவலர் எந்தக் கதவுக்கு அப்பால் நடக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். அதே கணக்கு அவருக்கும் உண்டு: உங்கள் காலடி அவர் காதில் விழும். இரும்புத் தளத்திலும் ஓடு பாவிய தரையிலும் நடந்தால் சத்தம் ஊரைக் கூட்டும். கம்பளத்திலும் புல்லிலும் நடந்தால் கேட்காது. தரை சரியில்லை என்றால் பாசி அம்பை எய்து மெத்தென்று ஆக்கிக்கொள்ளலாம். நீர் அம்பால் தீப்பந்தத்தை அணைத்து இருட்டை உண்டாக்கலாம். திரையின் அடியில் இருக்கும் ஒரு மணிக்கல், நீங்கள் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டும். பதுங்கிச் செல்லும் கேம்கள் இதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. வரைபடத்தில் எதிரிகளைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டிவிடும் பழக்கம் வந்தபின், காதைத் தீட்டிக்கொண்டு இருட்டில் காத்திருக்கும் இந்த அனுபவம் அநேகமாகக் காணாமலே போய்விட்டது.

வரைபடமே அரைகுறைதான். ஒரு திருடனுக்கு யாரோ கிறுக்கிக் கொடுத்த தாள் அது. பல அறைகள் அதில் இருக்காது. மாளிகைக்குள் நின்றுகொண்டு, எந்த மாடியில் இருக்கிறோம் என்று நீங்களாகவே யோசித்து வழி கண்டுபிடிக்க வேண்டும். நான்காவது அளவுகோலில் இது சுலபமாகத் தேறும்: எந்த இடத்திலும் சேவ் செய்யலாம், மிஷன் மிஷனாகப் பிரித்து ஆடலாம். சாதாரண லேப்டாப்பே போதும், தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, பேட்ச். 2012-இல் பெயர் சொல்லாத ஒருவர் 'நியூடார்க்' என்ற திருத்தத்தை வெளியிட்டார். அகலத் திரை, புதிய விண்டோஸ் எல்லாவற்றுக்கும் கேமை அது பொருத்திவிடுகிறது. ரசிகர்கள் தொகுத்த 'டிஃபிக்ஸ்' என்ற இலவசத் தொகுப்பில் இதுவும் பிற திருத்தங்களும் சேர்ந்தே வரும். நிறுவச் சில நிமிடங்கள்தான், ஆனால் செய்தே ஆக வேண்டும். இரண்டு, ஹெட்போனும் அமைதியும். வீட்டில் டிவி ஓடும் நேரத்தில் இதை ஆடுவது வீண். மூன்று, மாளிகைத் திருட்டு என்று நம்பி வருபவரை இரண்டாவது மிஷனிலேயே சுரங்கத்துக்குள் இறக்கி, நடைப்பிணங்களோடு விட்டுவிடும். கல்லறைகளும் பேய்களும் அப்புறமும் வந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்தத் திகில் பிடிக்கும். பிடிக்காதவர்கள், திருட்டும் நகரமும் அதிகமாக இருக்கும் 'தீஃப் 2: தி மெட்டல் ஏஜ்' (2000) பக்கம் போவது நல்லது. 'கோல்ட்' பதிப்பில் சேர்த்த மிஷன்களில் 'தீவ்ஸ் கில்ட்' என்பது சாக்கடைச் சுரங்கங்களில் சும்மா சுற்றவைக்கும். அங்கே வழிகாட்டியைப் பார்த்துக் கடந்துவிடுங்கள், எதையும் இழக்கமாட்டீர்கள்.

ஆடி முடித்தபின் கிடைக்கும் உபரியும் உண்டு. ரசிகர்கள் உருவாக்கிய மிஷன்கள் ஆயிரத்துக்கு மேல் இலவசமாகக் கிடைக்கின்றன. 25-ஆம் ஆண்டையொட்டி 2023-இல் வந்த 'தி பிளாக் பரேட்' பத்து மிஷன்கள் கொண்ட முழுக் கதை. காசு வாங்கி விற்கும் பல கேம்களை விட அது நேர்த்தியாக இருக்கிறது. இவ்வளவையும் பார்க்காமலே லுக்கிங் கிளாஸ் 2000 மே மாதம் மூடப்பட்டுவிட்டது.

## கிரிம் ஃபான்டாங்கோ: செத்தவர்களுக்கு டிக்கெட் விற்பவன்

லூகாஸ் ஆர்ட்ஸுக்காக டிம் ஷேஃபர் தலைமையில் உருவானது. மெக்சிகோவில் இறந்தோருக்காகக் கொண்டாடும் திருநாளின் எலும்புக்கூட்டுப் பொம்மைகளையும், 1940-களின் அமெரிக்கத் துப்பறியும் படங்களின் நிழலையும் ஒன்றாகச் சேர்த்த உலகம். மானி கலவெரா இறந்தவர்களுக்கான பயண முகவர். நல்லபடியாக வாழ்ந்தவர்களுக்கு 'நம்பர் நைன்' ரயிலில் இடம். நான்கே நிமிடத்தில் போய்ச்சேரலாம். மற்றவர்கள் நான்கு வருடம் நடக்க வேண்டும். நியாயமாக ரயிலில் போக வேண்டிய ஒருத்திக்கு ஏன் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற கேள்வியில் கதை சூடுபிடிக்கிறது. பிறகு நான்கு ஆண்டுகள் ஓடுகிறது.

வசனம் பேசுவதும் பொருட்களை எடுத்துப் புதிர் அவிழ்ப்பதும்தான் ஆட்டம். முகங்கள் எளிய பொம்மை முகங்கள் என்பதால் அந்தக் காலத்து 3டியில் இது கிழடு தட்டவே இல்லை. 2015-இல் வந்த ரீமாஸ்டரில் (மெருகேற்றிய மறுவெளியீட்டில்) பீட்டர் மெக்கானலின் இசையை மெல்போர்ன் சிம்பனி இசைக்குழு புதிதாக வாசித்திருக்கிறது. மவுஸால் சொடுக்கி ஆடும் முறையும் அதில்தான் வந்தது. பழைய பதிப்பில் மானியை லாரி ஓட்டுவதுபோல் திருப்பித் திருப்பி நடத்த வேண்டும்.

இதன் உண்மையான விலை புதிர்களில் இருக்கிறது. சில புதிர்களின் தர்க்கம் அதை எழுதியவருக்கு மட்டும்தான் புரியும். கல்லாகிப்போன காட்டில் வழிகாட்டிப் பலகையை நட்டுப் பாதை தேடும் இடத்தில் பலரும் சிக்கி நிற்பார்கள். வாக்த்ரூவை (விடைகளோடு கூடிய வழிகாட்டியை) பார்க்காமல் முடிப்பது அரிது. ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த புதிருக்கும் கை தானாக அங்கேதான் போகும். என் யோசனை, பதிலை நேராகச் சொல்லாமல் படிப்படியாகக் குறிப்பு தரும் பக்கங்களைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, இதில் தானாகச் சேவ் ஆகாது. ரீமாஸ்டரிலும் அதைச் சேர்க்காமல் விட்டது எனக்குப் பெரிய குறைதான்.

ஆங்கில வசனம் காதில் விழுந்தால் ரசிப்பவர், கதைக்காகவே ஆடுபவர், பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்பவர், இவர்களுக்கு இது. குடும்பத்தில் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து புதிருக்கு யோசனை சொல்லும் வாய்ப்பு இருந்தால் இன்னும் நல்லது.

## பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்: ஆடுவதை விட வாசிப்பது அதிகம்

பிணவறை மேசையில் கண் விழிக்கும் ஒருவன். பெயர் நினைவில்லை. செத்தாலும் மறுபடி எழுந்துவிடுகிறான். முதுகில் அவனே அவனுக்கு எழுதிக்கொண்ட குறிப்புகள் பச்சை குத்தப்பட்டிருக்கின்றன. பேசும் மண்டை ஓடு ஒன்று துணைக்கு வருகிறது. பிளாக் ஐல் ஸ்டூடியோஸுக்காக இதை வடிவமைத்த கிறிஸ் அவலோன், மனிதனின் இயல்பை எது மாற்றும் என்ற ஒரே கேள்வியைச் சுற்றி முழு கேமையும் கட்டியிருக்கிறார். கேம்களில் எழுத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான். டாக்கோன் என்ற தோழனிடம் ஒரு கல் வட்டம் இருக்கும். அதைத் திருப்பித் திருப்பி அவனுடன் சேர்ந்து படிக்கும் பகுதியில் ஒரு வாள் வீச்சு கிடையாது. ஒருவனின் நம்பிக்கை மெல்ல உடைந்து மறுபடி சேர்வதை வெறும் உரையாடலில் நடத்திவிடுகிறார்கள்.

சரி, ஆனால் மொத்த எழுத்து சுமார் 8 லட்சம் சொற்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அத்தனையையும் ஒரே ஆட்டத்தில் பார்க்கமாட்டீர்கள் என்றாலும், பெரும்பகுதி குரல் இல்லாமல் வாசிப்பதுதான். அதிலும் கதை நடக்கும் சிகில் நகரத்து மக்கள் பழைய லண்டன் திருடர்களின் கொச்சையில் பேசுவார்கள். முட்டாளை 'பெர்க்' என்பார்கள், கெட்டிக்காரனை 'கட்டர்' என்பார்கள். ஆங்கில நாவல்களை அகராதி இல்லாமல் படிப்பவர்களுக்கே முதல் இரண்டு மணி நேரம் தடுமாற்றமாக இருக்கும். வாசிப்பில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் இதை இப்போது எடுக்காதீர்கள். பாதியில் விட்டால் இதில் ஒன்றுமே மிஞ்சாது.

சண்டை மோசம். அதைச் சமாளிக்கத் தொடக்கத்தில் ஒரே ஒரு முடிவு போதும்: புள்ளிகளை வலிமையில் போடாமல் ஞானம், அறிவு, கவர்ச்சி மூன்றிலும் போடுங்கள். பேசியே பல இடங்களைக் கடக்கலாம், புதிய உரையாடல்களும் திறக்கும். பலசாலி வீரனாக ஆரம்பித்தால் நல்ல பகுதியில் பாதியைப் பார்க்காமலே போய்விடுவீர்கள், அதை கேம் உங்களிடம் சொல்லவும் சொல்லாது.

2017-இல் வந்த என்ஹான்ஸ்டு எடிஷன் (மேம்படுத்திய பதிப்பு) போனிலும் டேப்லெட்டிலும் கிடைக்கிறது. பஸ்ஸிலும் ரயிலிலும் போகும்போது ஒரு நாவலைப்போல் ஆட ஐந்தில் இதுதான் சுலபமாக இடம் தரும். சின்னத் திரையில் எழுத்து கண்ணை வருத்தும் என்பதால் டேப்லெட் நல்லது.

## பியாண்ட் குட் அண்ட் ஈவில்: கேமராதான் ஆயுதம்

யூபிசாஃப்ட்டில் மிஷெல் ஆன்செல் உருவாக்கியது. ஹிலிஸ் என்ற கிரகத்தில் ஜேட் என்ற புகைப்படக்காரி அனாதைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். மக்களைக் காப்பதாகச் சொல்லும் படையே அவர்களைக் கடத்துகிறது என்பதைப் படம் எடுத்து நிரூபிப்பதுதான் அவள் வேலை. அந்தப் படங்கள் வெளியாக ஆக, நகரத்தில் மக்கள் பேச்சு மாறுகிறது, எதிர்ப்பு கிளம்புகிறது. வழியில் பார்க்கும் ஒவ்வொரு உயிரினத்தையும் படம் எடுத்தால் காசு வரும். பணத் தட்டுப்பாட்டை இவ்வளவு இனிமையாகத் தீர்க்கும் கேம் வேறு எனக்குத் தெரியாது.

பதுங்குவது, படகு ஓட்டுவது, சண்டை, பந்தயம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. எதுவும் ஆழமில்லை, எதுவும் சலிப்பதும் இல்லை. 2003 நவம்பரில், அதே நிறுவனத்தின் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வந்த அதே பண்டிகைக் காலத்தில் வெளியாகிக் கவனிக்கப்படாமல் போனது. 2024-இல் வந்த 20-ஆம் ஆண்டுப் பதிப்பில் தானாகச் சேவ் ஆகும், காட்சிகளைத் தாண்டலாம். அதனால் வாங்கினால் அதையே வாங்குங்கள்.

குறைகள்: குறுகலான இடத்தில் கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பதுங்கும் இடங்களில் மாட்டிக்கொண்டால் ஒரே சூட்டில் முடிந்துவிடும். கணினியில் நிறுவனத்தின் தனிக் கணக்கும் லாஞ்சரும் வேண்டும். கதை ஒரு கொக்கியோடு முடிகிறது. இரண்டாம் பாகத்தை 2008-இலேயே லேசாகக் காட்டினார்கள், இன்னும் வந்தபாடில்லை. பழைய கேம் எதையும் ஆடிப் பழக்கமில்லாதவருக்கும், பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து ஆட நினைப்பவருக்கும் ஐந்தில் இதுதான் பாதுகாப்பான தேர்வு.

## ஓகாமி: தூரிகையால் உலகைத் திரும்ப வரைவது

ஜப்பானியப் புராணத்தின் சூரிய தேவி அமதெராசு இங்கே வெள்ளை ஓநாய். ஆட்டத்தை நிறுத்தித் திரையில் தூரிகையால் ஒரு கோடு இழுத்தால் எதிரி வெட்டுப்படுவான். ஒரு வட்டம் வரைந்தால் வானில் சூரியன் வரும். கருகிய மரத்தைச் சுற்றி வட்டமிட்டால் பூக்கும், நிலம் முழுக்கப் பச்சை பரவும். ஹிடெகி கமியாவின் குழு முதலில் நிஜத்தோற்றத்தில்தான் செய்து பார்த்தது. பிளேஸ்டேஷன் 2 அதைத் தாங்கவில்லை, மை ஓவிய பாணிக்கு மாறினார்கள். அந்த நெருக்கடியில் பிறந்த தோற்றம்தான் இன்றும் புதிதாக நிற்கிறது.

தொடக்கக் கதை கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், பேச்சும் நீளம். எட்டுத் தலை நாகத்தைக் கொன்று கதை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் கேம் பாதியைக்கூடத் தாண்டியிருக்காது. பின்பகுதியில் அதே பெரிய எதிரிகள் மறுபடி மறுபடி வருவார்கள். நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது, சேவ் செய்யும் கண்ணாடிகளைத் தேடிப் போக வேண்டும். அரை மணி அரை மணியாக ஆடுபவருக்கு இது தொல்லை. சண்டை சுலபம், சவாலுக்காக ஆடுபவருக்குச் சப்பென்று இருக்கும். கணினிப் பதிப்பு நொடிக்கு 30 பிரேமோடு நிற்கிறது, ஆனால் மவுஸில் தூரிகை பிடிப்பது சுகம். நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலைக் கையில் வைத்து ஆடினால் விரலாலேயே திரையில் வரையலாம். என் கண்ணுக்கு அதுதான் மிகச் சிறந்த பதிப்பு.

## அப்படியானால் யாருக்கு எது

பத்துப் பதினைந்து மணி நேரம்தான் கையில் இருக்கிறது என்றால் போட்டி கிரிம் ஃபான்டாங்கோவுக்கும் பியாண்டுக்கும் இடையில். கை ஆட வேண்டும் என்றால் பியாண்ட், தலை ஆட வேண்டும் என்றால் கிரிம். முழு லீவும் இருக்கிறது, டிவியோடு இணைத்த கன்சோல் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள் என்றால் ஓகாமி. கையில் டேப்லெட் மட்டும்தான், ஆங்கிலத்தில் வாசிப்பதும் பிடிக்கும் என்றால் டார்மென்ட். வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பழைய லேப்டாப் ஒன்றும் நல்ல ஹெட்போனும் ராத்திரி நேரமும் இருப்பவருக்கு என் பதில் தீஃப் கோல்ட். ஒன்றே ஒன்று என்று கேட்டாலும் அதையே சொல்வேன். டிஃபிக்ஸைப் போட்டுவிட்டு, பயிற்சி மிஷனைத் தவிர்க்காமல் ஆடுங்கள். பிறகு, முதல் மிஷன் நடக்கும் பாஃபோர்ட் பிரபுவின் மாளிகையில் 'ஹார்ட்' நிலையைத் தேர்ந்தெடுங்கள். நிலை உயர உயர எதிரிகள் வலுப்பதை விட, திருட வேண்டியது கூடும், செய்ய வேண்டியவை கூடும். 'எக்ஸ்பர்ட்டில்' மனிதர்களைக் கொல்லவே கூடாது. 'நார்மலில்' ஆடினால் மாளிகையின் பாதி அறைகளைப் பார்க்காமலே வெளியே வந்துவிடுவீர்கள்.